ஆலங்கட்டி மழையும் ராஜேஸ்வரி அம்மாள் வீட்டு ஏசியும்

"பெங்களூர்ல ஏசியா? அந்தக் காலத்துலயா? எதுக்கு சார்?"

என் தொழிலைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. போன மாதம் அடித்த காற்றில் என் மகள் வீட்டு மாடியில் ஏசியின் வெளிப்பெட்டி கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. அதை மாட்ட வந்த மெக்கானிக்கும் இதையே கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. ஐம்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊரில் பாதி வீடுகளில் மின்விசிறியே கிடையாது. மார்கழியில் பால்காரர் கம்பளிக் குல்லாயும் மப்ளருமாக வருவார். சித்திரையில்கூட விடியற்காலையில் கை தானாகப் போர்வையைத் தேடும். அப்படிப்பட்ட ஊரில் ஏசி ரிப்பேர் செய்து குடும்பம் நடத்தினேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

ஆனாலும் ஏசி இருந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகளில். சினிமாப் படச்சுருள்களை வீட்டிலேயே அடுக்கி வைத்திருந்த ஒரு விநியோகஸ்தர் வாங்கியிருந்தார். மதராஸ் வெயிலைத் தாங்காமல் இங்கே குடிவந்த ஒரு மில் முதலாளி, வெயிலை அங்கே விட்டுவிட்டு மெஷினை மட்டும் கூடக் கொண்டுவந்திருந்தார். ஒரு வெள்ளைக்கார விதவை தன் பியானோவுக்காக ஏசி போட்டிருந்தார். பியானோ குளிரில் இருக்கும், அந்த அம்மாள் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவார். இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர் ராஜேஸ்வரி அம்மாள். எங்கள் சர்வீஸ் பிரிவையே தலைகீழாகப் புரட்டிப்போட்ட வீடு அவருடையது. மெக்கானிக்குக்கு அந்தக் கதையைச் சொல்லப்போய், "இதை எழுதி வைங்க சார்" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதால் இப்போது எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் அந்தோணி. பிறந்து வளர்ந்தது இதே ஊர் ஜீவனஹள்ளி. பள்ளிக்கூடம் முடிந்ததும் மாமா ஒருவர் என்னை ஐஸ் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார். அங்கே செம்புக்குழாய் வளைக்கவும், பற்றவைக்கவும், கேஸ் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். நெருப்பால் சுட்டுக்கொள்வதைவிடக் குளிரால் சுட்டுக்கொண்டால் எரிச்சல் அதிகம் என்பதையும் அங்கேதான் கற்றேன். அதன்பின் கன்டோன்மென்ட்டில் ஃபிரிட்ஜும் ஏசியும் விற்கிற ஒரு கம்பெனியில் மெக்கானிக் ஆனேன்.

அங்கே எங்கள் ஃபோர்மேன் நஞ்சுண்டய்யா. மைசூர்க்காரர். கறுப்புக் குல்லாய், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, செருப்பில்கூடத் தூசி இருக்காது. தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரத்தில் மட்டும் கன்னடம் முன்னால் வந்து நிற்கும். ஒரு வீட்டுக்குப் போனால் நேராக மெஷினிடம் போகமாட்டார். கேட்டுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டைப் பார்ப்பார். எந்தப் பக்கம் மரம், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, கரண்ட் கம்பி எந்த வழியாக வருகிறது, எல்லாவற்றையும் பார்த்தபின்தான் உள்ளே வருவார்.

"மெஷின் ஜன்னல்ல இருக்கு, அந்தோணி. பாதி வீட்டுக்குள்ள, பாதி ஊருக்குள்ள. நம்ம ஆளுங்க வீட்டுப் பக்கத்தை மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க" என்பார்.

உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றுவார். கோட்டு ஆணியில் தொங்கினால் சின்ன வேலை. நாலாக மடித்து நாற்காலியில் வைத்தால் பெரிய வேலை, அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. திருப்புளியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைச் சத்தமாகக் கேட்பார், நாங்கள் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். கரண்ட் வருதா? காத்து வருதா? தண்ணி போகுதா? இந்த மூன்றில் ஒன்றில் அடங்காத கோளாறே உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

எங்களுக்கு வேலை கொடுத்ததெல்லாம் ஏப்ரல், மே மாத மழைதான். பெங்களூர் கோடை மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் பளிச்சென்று வெயில். மதியத்துக்கு மேல் ஒரு மூலையில் கறுக்கும். முதலில் செம்மண் தூசியோடு காற்று வரும், மரங்கள் முறியும், அப்புறம் இடியும் மழையும், சில நாள் ஆலங்கட்டியும். மழை விட்டதும் எங்கள் ஆபீஸ் டெலிபோன் அலறத் தொடங்கும்.

இதற்காக நஞ்சுண்டய்யா ஒரு முறை வைத்திருந்தார். கோடைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் போவோம். மெஷின் வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்போம். சாய்மானம் மாறியிருந்தால் மழைத்தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிடும். அடித்தட்டில் தண்ணீர் போகிற ஓட்டையில் இலை அடைத்திருந்தால் கம்பி விட்டு எடுப்போம். மேலே தகரத்தில் சாய்வாக ஒரு கூரை போடுவோம். மெஷினை ஒட்டிப் போட்டால் அது மூச்சுவிட முடியாது, ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். இடி மின்னலுக்காகத் தோட்டத்தில் குழி தோண்டி, செம்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, எர்த் கம்பி கொடுப்போம்.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்குப் பாடம். "முதல் இடி கேட்டதும் அணைச்சுடுங்க, பிளக்கையும் பிடுங்கிடுங்க. மழை நின்னு கரண்ட் வந்ததும் உடனே போடாதீங்க. ஒரு டம்ளர் காப்பியை ஆத்தி, மெதுவா குடிச்சு முடிங்க. அப்புறம் போடுங்க."

காப்பிக்குக் காரணம் உண்டு. ஏசியின் உயிர் கம்ப்ரஸரில் இருக்கிறது. கேஸை அழுத்திச் சுற்றுக்கு விடுகிற மோட்டார் அது. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் உடனே திரும்பி வந்தால், ஒரு பக்கம் கேஸின் அழுத்தம் அப்படியே நிற்கும். அதை எதிர்த்துச் சுற்ற முடியாமல் மோட்டார் முக்கி முனகிச் சூடேறிக் கருகிவிடும். சும்மா விட்டால் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும், பிறகு லேசாகக் கிளம்பும். கம்ப்ரஸர் கருகினால் அப்போது புதியது கப்பலில்தான் வரவேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் கேட்பார்களா? விநியோகஸ்தர் ஒரு கோடையில் லாரி தார்ப்பாயை வாங்கி மெஷினின் முதுகைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். மழை நின்றபின்னும் அவிழ்க்கவில்லை, அப்படியே ஓட்டினார். நாங்கள் போனபோது அறை அனலாகக் கொதித்தது.

"புது மெஷின்யா, ஹீட்டர் மாதிரி அடிக்குது!" என்று கத்தினார்.

நஞ்சுண்டய்யா கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, "உங்க முகத்தைத் தலகாணியால மூடிட்டு ஓடச் சொன்னா ஓடுவீங்களா சார்?" என்றார். விநியோகஸ்தர் சிரித்துவிட்டார். நானே தார்ப்பாயை அவிழ்த்தேன்.

ராஜேஸ்வரி அம்மாள் வீடு காக்ஸ் டவுனில் இருந்தது. பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர். அவர் கணவர் ஏகாம்பரம் சமஸ்தான காலத்திலிருந்தே அரசாங்கத் தோட்டத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். செடி கொடியே வாழ்க்கை என்று இருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மகரந்தம் ஆகாமல் போயிற்று. பூக்காலம் வந்தால் அம்மாளுக்கு ஆஸ்துமா. புல் பூத்தாலும் சவுக்கு பூத்தாலும் மூச்சு இழுக்கும். டாக்டர் ஒருவர், ஜன்னலை மூடி, வடிகட்டிய காற்று வருகிற அறையில் இருக்கச் சொன்னார். கப்பல் வேலையில் இருந்த தம்பி ஒரு ஜன்னல் ஏசியை வாங்கி அனுப்பினார். அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் அம்மாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு தாவரவியல் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

நாங்கள் முதல் தடவை போய் வழக்கமான பாடத்தைச் சொன்னோம். "இடி கேட்டதும் அணைச்சுடுங்கம்மா."

"அதெப்படிங்க முடியும்?" என்றார் அம்மாள். "மழைக்கு முன்னால அடிக்குதே ஒரு காத்து, அதுலதான் எனக்கு இழுப்பு ரொம்ப ஜாஸ்தி. ஊர்ல இருக்கிற மகரந்தத்தையெல்லாம் அதுதான் வாரிக்கிட்டு வருது. நீங்க அணைக்கச் சொல்ற நேரத்துலதான் எனக்கு மெஷின் வேணும்."

நஞ்சுண்டய்யா நாற்காலியைத் தேடிப் போய்க் கோட்டை மடித்து வைத்தார்.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. மெஷின் இருந்த ஜன்னலுக்கு நேர் மேலே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். காற்றடித்தால் கிளை முறிந்து விழும். அந்த ஜன்னலில் முன்பு மங்கி டாப் இருந்தது. பழைய பெங்களூர் பங்களா ஜன்னல்களுக்கு மேலே கூம்பாக, குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் அடித்த முக்காடு போல ஒன்று இருக்குமே, அதுதான். ஏசி வைக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றி, ஏகாம்பரம் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்.

முதல் கோடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்ரஸரின் பாதுகாப்பு ரிலே எரிந்தது. மாற்றினோம். கரண்ட் போனால் தானாக விழுந்துவிட்டு, கையால் அழுத்தினால்தான் மறுபடி போகிற சுவிட்ச் ஒன்றையும் பொருத்தினோம். அடுத்த மழையில் ஆலங்கட்டி விழுந்து, முதுகிலிருந்த அலுமினியத் தகட்டு மடிப்புகளெல்லாம் படுத்துவிட்டன. பித்தளைத் தகட்டை வெட்டி நஞ்சுண்டய்யா செய்து வைத்திருந்த சீப்பால், மடிப்பு மடிப்பாகத் தலைவாருவது போல நான் நிமிர்த்தினேன். அதற்கடுத்த மழையில் கிளை விழுந்து நாங்கள் போட்ட தகரக் கூரை நசுங்கியது, ஒரு குழாயும் விண்டு கேஸ் எல்லாம் போயிற்று.

ஒவ்வொரு முறையும் ஏகாம்பரம் தன்னால் ஆனதைச் செய்து வைத்திருப்பார். ஒரு தடவை மெஷினுக்குத் தன் மழைக்கோட்டைப் போட்டுவிட்டிருந்தார். இன்னொரு தடவை கொசுவலை. மெஷினின் முகப்பில் இருந்த குமிழைத் தவறிக்கூட யாரும் திருப்பக்கூடாது என்று, அதைக் குளிர் வைக்கிற இடத்தில் நிறுத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

"மரத்தை வெட்டிடறேன் தம்பி. நான் வெச்ச மரம்தான். அவ மூச்சைவிட மரம் பெரிசா?" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அம்மாளுக்குக் காது கூர்மை. உள்ளே இருந்தே குரல் வந்தது. "மரத்து மேல கோடாலி வெச்சீங்கன்னா நான் காலேஜ் ஹாஸ்டலுக்குக் குடி போயிடுவேன். எனக்கு ஆகாதது புல்லும் சவுக்கும். அந்த மரம் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

எங்கள் மானேஜர் பொறுமை இழந்தார். "நஞ்சுண்டய்யா, ஒண்ணு மரம் போகணும், இல்ல அந்த வீடு நம்ம சர்வீஸ்ல இருந்து போகணும். இதுதான் கடைசித் தடவை" என்று சொல்லிவிட்டார். பட்டறையில் குழாயை மாற்றி, கேஸ் ஏற்றி, மெஷினை மறுபடி கொண்டுபோனோம்.

அந்த மதியம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுமை ஆட்கள் மெஷினை ஜன்னல் சட்டத்துக்குள் தள்ளி வைத்துவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள். நஞ்சுண்டய்யா வெளியே புதிய தகரக் கூரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே, மெஷினைச் சுற்றியிருந்த இடுக்குகளில் மரப்பட்டியும் கம்பளித் துணியும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். அம்மாள் மூலையில் மேஜையருகே எழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று அறை இருட்டியது. விளக்கைப் போட்டேன். இடுக்கு வழியாகச் செம்மண் வாசனை வந்தது.

"ஆலிகல்லு! ஆலிகல்லு வருது!" என்று வெளியே நஞ்சுண்டய்யா கத்தினார். ஆலங்கட்டிக்கு அவர் சொல்கிற பெயர் அது.

கூரை ஓடுகள் மேல் யாரோ ஜல்லியைக் கொட்டுவது போலச் சத்தம் தொடங்கியது. வெளியே மெஷினின் முதுகு அம்மணமாக இருந்தது. நான் அவ்வளவு நாள் உட்கார்ந்து வாரிய தகட்டு மடிப்புகள்! பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக் கூண்டை நோக்கி ஓடினார். மங்கி டாப்பை ஒரே தூக்காகத் தூக்கினார். கோழிகள் எட்டுத் திசையிலும் பறந்தன. நஞ்சுண்டய்யா மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அந்த மரக்கூம்பை மெஷினுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டிகள் சட்டத்தில் பட்டுத் தெறித்தன. நஞ்சுண்டய்யாவின் குல்லாயில் ஒன்று விழுந்து எகிறியது.

நான் பின்னால் திரும்பினேன். அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு விசில் போல வந்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மாத்திரை டப்பாவைக் காட்டினார், எடுத்துக் கொடுத்தேன். அது வேலை செய்ய நேரம் ஆகும். இடுக்கை நான் இன்னும் முழுதாக அடைக்கவில்லை. கையில் இருந்த கம்பளித் துணியையெல்லாம் திணித்தேன். போதவில்லை. என் சட்டையைக் கழற்றி அதையும் திணித்தேன்.

அம்மாள் மெஷினைக் கை காட்டினார். போடு என்று அர்த்தம்.

சுவிட்சுக்குக் கை போயிற்று. அதே நேரம் விளக்கு மங்கியது, அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. வெளியே இருந்து நஞ்சுண்டய்யா அதைப் பார்த்துவிட்டார். "பேடா! அந்தோணி, பேடா!" என்று கண்ணாடியில் முழங்கையால் தட்டினார். வேண்டாம், வேண்டாம் என்று. அவர் சொன்னது சரி. கையால் அழுத்துகிற சுவிட்ச் இருந்தாலும், இப்படி மங்கி மங்கி வருகிற கரண்ட்டில் கம்ப்ரஸரைக் கிளப்பினால் கருகிவிடும். அப்புறம் இந்த அம்மாளுக்கு இந்தக் கோடை முழுக்க மெஷினே இருக்காது. ஆனால் போடாமல் விட்டால் இந்த நிமிஷம்? உடம்பில் பனியன் மட்டும், ஆனாலும் வேர்த்தது.

"அம்மா, கரண்ட் நிலையா இல்லம்மா. இப்பப் போட்டா கம்ப்ரஸர் எரிஞ்சுடும். குளிர் கொடுக்கறதே அதுதாம்மா. கொஞ்சம் பொறுங்கம்மா, கொஞ்சம்..."

அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக வந்தது.

"குளிர்... யாரு... கேட்டா?"

எனக்குப் புரியவில்லை.

"காத்து... போதும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினுக்குள் இரண்டு மோட்டார். ஒன்று குளிருக்கான கம்ப்ரஸர். மற்றது வெறும் விசிறி மோட்டார். அறைக் காற்றை வடிகட்டி வழியாக இழுத்துச் சுத்தமாக்கித் திருப்பி விடுவது அந்த விசிறிதான். அதற்குக் கம்ப்ரஸர் தேவையே இல்லை. கரண்ட் விட்டு விட்டு வந்தாலும் விசிறி மோட்டார் நின்று நின்று ஓடும், சாதாரணமாகக் கருகாது. அப்படியே போனாலும் சிவாஜி நகரில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். குமிழில் அதற்கென்றே தனியாக ஓர் இடம் இருந்தது. அந்தக் குமிழில்தான் ஏகாம்பரத்தின் பிளாஸ்திரி.

நகத்தால் கிழித்தேன். வரவில்லை. திருப்புளியால் சுரண்டி எடுத்துக் குமிழை விசிறிக்குத் திருப்பி, சுவிட்சை அழுத்தினேன். விசிறி ஓடியது. விளக்கு மங்கியபோது அதுவும் தணிந்தது, விளக்கு வந்தபோது அதுவும் எழுந்தது. கரண்ட் போய்ச் சுவிட்ச் விழுந்தபோதெல்லாம் மறுபடி அழுத்தினேன். நாற்காலியை இழுத்து அம்மாளை மெஷின் முகப்புக்கு எதிரில் உட்கார வைத்தேன். என் சட்டை ஜன்னல் இடுக்கில் கிடந்தது. வெளியே ஜல்லி கொட்டிக்கொண்டே இருந்தது.

மாத்திரையும் காற்றும் சேர்ந்து வேலை செய்தன. விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தோள்கள் இறங்கின. ஆலங்கட்டி நின்று வெறும் மழையாக மாறியபோது அம்மாள் முதல் முழு வாக்கியத்தைப் பேசினார். "அவங்க ரெண்டு பேரையும் உள்ள வரச் சொல்லுங்க, தலை உடைஞ்சிடப் போகுது."

இருவரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். விசிறிச் சத்தம் கேட்டதும் நஞ்சுண்டய்யாவின் முகம் மாறியது. "யாரு போட்டது? பேடா பேடான்னு கத்தினேனே!"

"ஃபேன் மட்டும்தான் சார். கம்ப்ரஸரைத் தொடல. அம்மாதான் சொன்னாங்க, காத்து போதும்னு."

"பெங்களூர்ல குளிருக்கு என்னங்க பஞ்சம்?" என்றார் அம்மாள். "எனக்குச் சுத்தமான காத்துதான் வேணும்னு டாக்டர் சொன்னாரு. இந்த மெஷின்ல ரெண்டையும் பிரிக்கலாம்னு எனக்குத் தெரியாது. குளிர்ல இத்தனை நாளா சால்வையைப் போத்திக்கிட்டு எழுதிட்டிருந்தேன்."

நஞ்சுண்டய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "நோடப்பா அந்தோணி, இதைப் பாரு" என்றார். "கரண்ட் வருதா, காத்து வருதா, தண்ணி போகுதான்னு மெஷினைக் கேட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு அம்மாவை ஒரு தடவைகூடக் கேட்கல." சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். ஏகாம்பரம் மட்டும் கிழிந்த பிளாஸ்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் நல்லதுக்குத்தானே ஒட்டினேன்?" என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார். கோழிகளைத் தேட நானும் அவரோடு போனேன்.

அடுத்த வாரமே வேலையைச் சரியாகச் செய்தோம். மங்கி டாப்பைக் கழுவி, பழைய இடத்தைவிட ஒரு முழம் முன்னால் தள்ளிப் பொருத்தினோம். அதன் உட்புறம் தகரம் அடித்தோம். அதற்கும் மெஷினுக்கும் நடுவே, ஆலங்கட்டி தெறித்து உள்ளே வராதபடி கம்பிவலையைச் சாய்வாகக் கட்டினோம். நேராகக் கட்டினால் இலை அடைக்கும், சாய்த்தால் வழுக்கி விழும் என்று சொன்னது ஏகாம்பரம். நாற்று மேடைகளுக்கு அப்படித்தான் வலை கட்டுவார்களாம். மரத்தில் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்த இரண்டு கிளைகளை மட்டும் அம்மாளே கை காட்டி வெட்டச் சொன்னார். விசிறிக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்தோம். எர்த் குழியைப் புதிதாகத் தோண்டினோம். இடி கேட்டால் கம்ப்ரஸரை அணைப்பது, விசிறியை விடுவது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அதுதான் சட்டம்.

மானேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த கோடை பாக்கலாம். மறுபடி மெஷின் பட்டறைக்கு வந்தா அந்த வீட்டு வாசலை நாம மிதிக்கப்போறதில்ல" என்று முடித்தார்.

அடுத்த கோடையின் முதல் மழை ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. நல்ல காற்று. எங்கள் தெருவிலேயே ஒரு விளம்பரப் பலகை பறந்தது. ஆபீசில் எல்லோரும் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் நஞ்சுண்டய்யாவுக்கும் ஒரே வீட்டின் நினைப்பு. அப்போது டெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அந்தோணியா? ராஜேஸ்வரி பேசறேன்."

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இதைக் கேளுங்க" என்றார். டெலிபோனை மெஷினிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். ஹூம் என்று சீராக ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம், கொட்டுமேளம் போல. நான் ரிசீவரை நஞ்சுண்டய்யாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மானேஜர் எழுந்து வந்து கையை நீட்டினார், அவரிடம் போனது. அவரும் கேட்டார், தலையை ஆட்டினார், திருப்பிக் கொடுத்தார். வெளியே ஒரு மின்னல் வெட்டி, இடி இறங்கியது. அதே இடி ரிசீவருக்குள்ளேயும் கேட்டது.

நஞ்சுண்டய்யா துள்ளிக் குதித்தார். "அய்யோ! அம்மா! இடி இடிக்கும்போது டெலிபோன் பேசலாமா? மெஷினுக்குச் சொன்னதெல்லாம் மனுஷங்களுக்கும்தாம்மா! வையுங்க, முதல்ல கீழே வையுங்க!"

அந்தப் பக்கம் அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் மழைக்காற்றில் அவர் இரண்டு வார்த்தை பேசினாலே மூன்றாவது இருமலாக வரும். அன்றைக்கு நஞ்சுண்டய்யா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், அந்தச் சிரிப்பு ஆபீஸ் முழுக்கக் கேட்டது. நீளமாக, ஏறி இறங்கி, நடுவில் எங்கேயும் தடுக்காமல் வந்தது. அது நின்றது அவராக நிறுத்தியபோதுதான்.